இல்லாத ஊரிலிருந்து வந்த அழைப்பு

அந்த ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. அதைக் கட்டியவர்கள் இரண்டு பெண்கள்.

ஒருத்தி இந்தக் கரையில், தேசியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் மேல்மாடியில், எந்த ஊரில் என்ன நோய் என்று தொலைபேசியில் கேட்டுப் பதிவதை வேலையாகக் கொண்டவள். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் கனவுக்காரி என்று பெயர். இன்னொருவர் கடலுக்கு அந்தப் பக்கம், அந்த நாட்டு நிறுவனத்தில் இதே பிரிவில் இருக்கும் மருத்துவர். கனவுக்காரிக்கு அவர் கடலக்கா.

இரண்டு நிறுவனங்களுக்கும் கூட்டு ஒப்பந்தம் இருந்தது. ஒரு நாட்டில் நோய் பரவினால் மற்ற நாடு ஆளும் மருந்தும் பரிசோதனைப் பெட்டியும் அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் கால்கள் தானாக ஓடிவிடுமா? அதனால் வருடா வருடம் ஒரு பொய் நோயைப் பரப்பி, மெய்யாக ஓடிப் பழகுவார்கள். இந்த வருடம் பொய்யை எழுதும் வேலை இவர்கள் இருவர் தலையில் விழுந்தது.

தினமும் மத்தியானம் திரையில் சந்தித்தார்கள். இங்கே வெயில் மேசைமேல் படுத்துக் கிடக்கும். அங்கே அப்போதுதான் விடியும், கடலக்காவின் ஜன்னலில் பனி மூட்டமாக நிற்கும். இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். காதில் விழுவதற்குள் அது கனவுக்காரிக்குச் சொந்த மொழியாகிவிடும்.

"ஊருக்கு ஆறு வேணுமா?" என்பார் கடலக்கா.

"ஆறு இல்லாம ஊரு எப்படிக்கா தூங்கும்?"

கடலக்கா ஆற்றுக்கு ஒரு பாலம் போட்டார். எப்போதும் பின்தங்கியே ஓடும் ஒரு மணிக்கூண்டை நட்டார். கனவுக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு தெருவைக் கொண்டுவந்தாள். சரிவான தெரு, நீலக் கதவு போட்ட வீடுகள், சாக்கடையை ஒட்டியே ஓடும் குடிநீர்க் குழாய், குழாய் மூட்டில் கசிவுக்காகச் சுற்றிய பழைய துணி.

"துணி வரைக்கும் எங்கேருந்துடி வருது உனக்கு?"

"தெரியலக்கா. தானா வருது."

அந்த ஊருக்கு நோயாக மஞ்சள் காமாலையை வைத்தார்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் வருகிற வகை. மற்றவர்களைப் படுக்கையில் தள்ளிவிட்டு எழுப்பிவிடும். கர்ப்பிணிகளுக்கோ அது எமன். பயிற்சி அழைப்பு ஒவ்வொன்றும் "இது பயிற்சி" என்று தொடங்கவேண்டும் என்பது விதி. அதற்குள் ஒரு குறும்பையும் கடலக்கா ஒளித்துவைத்தார்: பாதியில் யாராவது எழுந்து, "இது பயிற்சி இல்ல, நிஜம்!" என்று கத்தவேண்டும். ஊழியர்கள் பதறுகிறார்களா, விசாரிக்கிறார்களா என்று பார்க்கலாம். எழுதும்போது இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தப் பக்கத்துக்கு மேலே ரகசியம் என்று போட்டிருந்ததால் அலுவலகம் முழுக்க அதைப் படித்திருந்தது.

பயிற்சி நாள் வந்தது. எல்லோரும் மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டார்கள். மேலங்கி போட்டவர் விளையாட்டுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். கீழே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. கடலக்கா அனுப்பிய பரிசோதனைப் பெட்டிகள் குளிர் அறையில் காத்திருந்தன. கனவுக்காரியின் தொலைபேசி அடித்தது.

"மேடம், ஆரம்ப சுகாதார நிலையத்துலேருந்து நர்ஸ் பேசுறேன். கண்ணெல்லாம் மஞ்சளாப் போயி வரிசையா வராங்க. குழாய்த் தண்ணி கலங்கலா வருதாம். மாசமா இருக்கிற பொண்ணுங்க வேற ரெண்டு பேரு."

கனவுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. தாங்கள் எழுதியதைவிட இந்தக் குரல் நன்றாக இருந்தது. "பிரமாதம் சிஸ்டர். ஆனா முதல்ல ‘இது பயிற்சி’ன்னு சொல்லணும், மறந்துட்டீங்க."

"என்ன பயிற்சி? காலையிலேருந்து உட்காரக்கூட நேரமில்லாம நிக்கிறேன், நீங்க எனக்கு நாடகம் சொல்லித் தரீங்களா?"

"எந்த ஊருன்னு சொல்லுங்க."

நர்ஸ் சொன்ன ஊர் அவர்கள் கட்டிய ஊர் இல்லை. அது கனவுக்காரியின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர்.

"மேலத் தெருதாங்க. நீலக் கதவு வீடுங்க இருக்கே, அங்கேருந்துதான் நிறைய பேரு."

தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பொருள் மிதந்து வருவதுபோல அந்தத் தெரு அவள் முன்னால் எழும்பியது. மழைக்காலத்தில் ஒரு நாள் தங்கை வீட்டு வாசலில் அரைத் தூக்கமாக நின்றிருந்தாள். தங்கை முழுகாமல் இருக்கும் செய்தி கேட்டு அவளைப் பார்க்கப் போயிருந்த நாள். கண் குழாயையும் துணியையும் பார்த்து வைத்துக்கொண்டது, புத்திக்குச் சொல்லவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "இது பயிற்சி இல்ல. நிஜம்."

அறை முழுக்கக் கைதட்டியது.

"வந்துட்டாங்கப்பா! இதுக்குத்தானே வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் வண்டி ஓட்டுநர். "குரலு நடுங்குது பாரு. சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய பொண்ணு."

"சத்தியமாண்ணே!"

"சத்தியம்கூடப் பண்றா!"

நிறுவனத்தின் இயக்குநர் புன்னகையோடு மதிப்பெண் போட்டுக்கொண்டார். கனவுக்காரி தங்கையைக் கூப்பிட்டாள்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரைக்கு ஓடினாள். அங்கே கடலக்காவும் மேலங்கியில், விளையாட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "நிஜம்னா நிரூபி" என்றார், அவர்களே எழுதிய வரியை.

"அக்கா, நம்ம தெரு என் தங்கச்சி தெருக்கா. எனக்கே இப்பதான் தெரியுது. அவ மாசமா இருக்கா. போன எடுக்கல."

கடலக்காவின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. எழுதாத வரி இது. கனவுக்காரி மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கடலக்கா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தன்னுடையதையும் கழற்றினார். திரும்பித் தன் அறையைப் பார்த்து உரக்க ஏதோ சொன்னார். பனி மூடிய அந்த ஜன்னலுக்கு முன்னால் மஞ்சள் அங்கிகள் இலை உதிர்வதுபோல ஒவ்வொன்றாக விழுந்தன.

அதைப் பார்த்துத்தான் இங்கே சிரிப்பு அடங்கியது. இயக்குநர் தானே நர்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார். பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் அங்கியை உரித்தார். "வண்டிய எடுங்க" என்றார்.

ஓட்டுநருக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுக்கம்மா" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

"பயிற்சிக்குன்னு அனுப்பின பெட்டி எல்லாத்தையும் திறந்துடு" என்றார் கடலக்கா. "இன்னும் விமானத்துல ஏத்துறோம். முதல்ல அந்தத் தண்ணிய நிறுத்தச் சொல்லு."

எல்லாம் தயாராக இருந்தது. பொய்க்கு என்று கட்டிய மூட்டைகள் மெய்யைப் பார்த்துக் கிளம்பின. வண்டியில் கனவுக்காரி தங்கைக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கியபோது அவளையறியாமல் கண் பாலத்தைத் தேடியது, மணிக்கூண்டைத் தேடியது. இரண்டும் இல்லை. இங்கே ஆறே இல்லை. சரிவான தெரு மட்டும் அப்படியே இருந்தது.

கதவைத் திறந்த தங்கை, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி கொட்டாவி விட்டாள். "என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"போன எடுத்தா என்னடி?"

"தூங்கிட்டேன். இப்பல்லாம் உன்ன மாதிரியே ஆயிட்டேன், நின்னாக்கூடத் தூக்கம் வருது."

கனவுக்காரி அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. இன்னொரு கண்ணையும் பார்த்தாள்.

"குழாய்த் தண்ணி குடிச்சியா?"

"பின்ன, பன்னீரா குடிப்பாங்க? எதுக்கு இப்படி முழிக்கிற?"

வண்டியில் கூட வந்த நர்ஸ் ரத்தம் எடுத்துக் கடலக்காவின் பெட்டியில் சோதித்தாள். ஒன்றும் காட்டவில்லை. பக்கத்து வீட்டில் காட்டியது. கனவுக்காரி வாசலுக்கு வந்து கடலக்காவைக் கூப்பிட்டாள்.

"வெள்ளையா இருக்குக்கா."

"இன்னைக்கு வெள்ளை" என்றார் கடலக்கா. பொய் ஆறுதல் அவருக்கு வராது. "உடம்புக்குள்ள வாரக்கணக்கா ஒளிஞ்சிருக்கும்னு உனக்கே தெரியும். தினமும் பாரு. எனக்கும் காட்டு. ஏதாவது தெரிஞ்சா அந்த நிமிஷமே நானும் உன்கூட இருப்பேன்."

உள்ளே வந்து பையை மூலையில் வைத்தாள். "கொஞ்ச நாள் இங்கதான் இருக்கப்போறேன். தினமும் காலையில கண்ணக் காட்டணும். எனக்கும், திரையில ஒரு டாக்டரக்காவுக்கும்."

"நல்லா இருக்கே! கட்டின மனுஷனே என் கண்ண இவ்வளவு பார்த்ததில்ல" என்று தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. "அவ்வளவு மோசமாக்கா?"

"தெரியலடி. தெரியாம இருக்கிறதுனாலதான் பார்க்கணும்."

தெருவில் யாரோ குழாயின் வால்வை இறுக்கினார்கள். சமையலறைக் குழாய் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. கனவுக்காரி நர்ஸ் கொடுத்த தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். கொதிக்கும்வரை அக்காவும் தங்கையும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு தோளோடு தோள் சாய்ந்து நின்றார்கள்.