கைக்குள் இறங்கிய அழுத்தம்

1

இந்தக் கதை நான் திருடியது. அக்கா பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள், நான் எடுத்துக்கொண்டேன். முனைவர் பட்டத்துக்காக ரத்தக்கொதிப்புள்ள எலிகளை வைத்து மூன்று வருடமாக ஆய்வு செய்கிறாள்.

முதல் தொடக்கம்: ‘மூளைத்தண்டில் பூட்டுகளைப் போல ஏற்பிகள் இருந்தன, மருந்து ஒரு சாவியாக…’

“பூட்டு சாவியா? ஏன்டா, ஊர் உலகமே இதைத்தான எழுதுது!” என்றாள் அக்கா.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். மூளைத்தண்டில் ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் வேதிச் சமிக்ஞைகள் வந்து ஒட்டும் ஏற்பிகளை மருந்தால் அடைத்தால் கொதிப்பு இறங்குமா? இதுதான் அவள் கேள்வி. பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். பிறகு எலியை ஒரு குழாய்க்குள் அடக்கி, வாலில் பட்டை மாட்டி அழுத்தம் பார்ப்பார்கள். மருந்து எலிகளை அவள் பார்த்தாள். உப்புநீர் எலிகளை, கூட வேலை செய்யும் நெட்டையன். மருந்து எலிகளுக்கு மட்டும் இறங்கியது. பேராசிரியர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

போன வாரம் நெட்டையன் விடுப்பு. உப்புநீர் எலிகளையும் அவளே பார்த்தாள்.

அவற்றுக்கும் இறங்கியது.

(இங்கே ஒரு நீண்ட மௌனம் எழுதியிருந்தேன். சகிக்கவில்லை.)

3

“பட்டை மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் கைக்குள்ள வச்சுத் தடவிக் குடுப்பேன்டா. நடுங்கும், பாவம்.”

“நெட்டையன்?”

“பிடிச்சுக் குழாய்க்குள்ள தள்ளிடுவான். கடிச்சிருமாம், தொரைக்கு.”

“அப்போ இறங்கினது மருந்தாலயா, உன் கையாலயா?”

“தெரிஞ்சா உன்கிட்ட வந்து ஏன் புலம்புறேன்?”

[சந்தேகம்: இவ்வளவு கெட்டிக்காரி இதைக் கவனிக்காமல் இருப்பாளா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன். “தடவுறதை நான் வேலைன்னே நினைக்கலடா. அதான் நோட்டுல எழுதல.”]

4

ஒரு முடிவு: பேராசிரியரிடம் சொல்லிவிடுகிறாள். எல்லாம் முதலிலிருந்து, பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. (அவர் அவளைப் பாராட்டுவதாக எழுதி அடித்துவிட்டேன். அவர் அந்த ரகமில்லை.)

இன்னொன்று: போன வார எண்களை அவள் யாருக்கும் காட்டாமல்…

அக்கா எட்டிப் பார்த்தாள். தாளைக் கையால் மறைத்தேன்.

“மறைக்காத. அதையும் எழுது. நான் யோசிக்காமயா இருந்தேன்?”

5

இன்று ஞாயிறு. நாளை காலை பத்து மணிக்குப் பேராசிரியரைப் பார்க்கப் போகிறாள். என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாதபோது, நான் எழுதிவிட்டால் அது அவள் வாயில் வார்த்தையைத் திணிப்பதாகிவிடும். அதனால் அவர் அறை வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் வேண்டுமானால் அவளோடு உள்ளே போங்கள். எதையும் சொல்லிக்கொடுக்க மட்டும் வேண்டாம்.