ஞாயிறு மாலைக் கட்டம்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அதை டிப்போவோடு நிறுத்திக்கொண்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வேலை முடிந்த பிறகும் நேரத்தை நிர்வகிக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ அங்கே வகுப்பெடுத்துவிட்டான். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஏறியது. பேப்பர் படிக்க ஒரு கட்டம், நடைப்பயிற்சிக்கு ஒரு கட்டம், 'மனைவியுடன் பேச்சு' என்று எனக்கும் பிச்சை போட்டாற்போல ஒரு கட்டம். ஞாயிறு மாலை மகளுக்கு. சைக்கிள் பழக்கப் போகிறாராம். அவள் துள்ளிக் குதித்தாள். சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அப்பாதான் பின்னால் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் பிடிக்கிறேன் என்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் ஞாயிறு, சார்ட்டுக்குக் கலர் அடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மகள் வாசலில் சைக்கிளோடு நின்றாள். ஒருவழியாக நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டாயிடுச்சும்மா. இன்னிக்கு ட்ரிப் கட்."

"அப்படின்னா என்னப்பா?"

"ஒரு பஸ் ரொம்ப லேட்டானா அந்த ட்ரிப்பையே எடுத்துடுவோம். அப்பதான் அடுத்தது கரெக்டா போகும்."

"அடுத்தது என்னவாம்?" என்று நான் கேட்டேன்.

"ஓய்வு" என்றார், கூச்சமே இல்லாமல்.

அடுத்த ஞாயிறும் கட். அதற்கடுத்ததும் கட். மற்ற கட்டங்களெல்லாம் ஜோராக ஓடின, பிள்ளை மட்டும் வாசலில் நின்றது. சொன்னால் செவிடன் காதில் ஊதின சங்குதான்.

பிறகு ஒரு ஞாயிறு, ஐயா அதிசயமாக நேரத்துக்கு வாசலுக்கு வந்தார். மகள் தெருமுனையிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் காலை ஊன்றினாள். முழங்கால் இரண்டிலும் காய்ந்த சிராய்ப்பு.

"அப்பா பிடிக்கட்டுமா?"

"வேணாம்பா. நானே விழுந்து எழுந்து பழகிட்டேன்."

போய்விட்டாள். இவர் அசடு வழிய என்னைப் பார்த்தார்.

"எப்ப திரும்பி வருவா?"

"யாருக்குத் தெரியும்? டைம் சொல்லிட்டா போனா?"

வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் போடும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை.