பிரிட்ஜைத் தொட்டவன்

செங்கம் சாலை கஃபேயின் தோட்டத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அனுபமா உறையிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து, இரண்டாம் கம்பியை அழுத்தி வளைத்தாள். சத்தம் பாதியிலேயே செத்தது. மற்றக் கம்பிகளும் கழுத்திலிருந்த ஃப்ரெட் கட்டைகளில் உரசி, தகர டப்பாவில் அடைபட்ட வண்டுபோல இரைந்தன.

குனிந்து பார்த்தாள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையோடு படுத்துக் கிடந்தது. நேற்று ஒத்திகைக்குப் பிறகு கிட்டார் இருந்தது பிரசாத்தின் அறையில். அவன் குழுவின் பாடகன். இப்போது மைக்குக்கு முன்னால் நின்று முடியைக் கோதிக்கொண்டிருந்தான்.

"பிரிட்ஜைத் தொட்டியா?"

"ஆமா, இறக்கி வெச்சேன். ஜாஸ்தி உயரமா இருந்துச்சு. பொண்ணுங்க விரலுக்குக் கம்மியா இருந்தாத்தான் சுலபம். வீடியோவுல பாத்தேன்." பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கஃபேக்காரர் கஸ்தூரி திரும்பிப் பார்த்தார்.

அனுபமாவுக்குச் சிரிப்பு வந்தது. பாடும்போது இவன் மாட்டிக்கொள்ளும் கிட்டாருக்கு ஒவ்வொரு கச்சேரிக்கும் சுருதி சேர்த்துக் கொடுப்பதே அவள்தான். வீடியோ பார்த்தானாம்!

பையிலிருந்து திருகு முடுக்கும் சின்ன சாவியை எடுத்து, பிரிட்ஜின் ஒவ்வொரு திருகாகக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினாள். ஏற்றினாள், வாசித்தாள், மறுபடி ஏற்றினாள். ஐந்து கம்பிகள் சரியாயின. இரண்டாம் கம்பியில் சாவி வழுக்கியது. பிரசாத் பொருந்தாத சாவியைப் போட்டு முறுக்கி, அதன் திருகுகளின் தலையை மழுங்கடித்து வைத்திருந்தான்.

"ஒரு கம்பி உரசினா என்ன இப்ப?" என்றான் பிரசாத். "இங்க வர்றவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

அவள் அந்தக் கம்பியைத் தளர்த்தி, கழற்றி, சுருட்டி அவன் சட்டைப்பையில் போட்டாள். டிரம்ஸில் இருந்த விமல்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஐந்து கம்பியில் வாசித்தாள். இரண்டாம் கம்பியில் வர வேண்டியதை மூன்றாவதில் மேலே தேடிப் பிடித்தாள். முதல் பாட்டில் ஓரிடத்தில் தடுமாறினாள், அதற்கப்புறம் தடுமாறவில்லை. கடைசியில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

பிரசாத் மைக்கைப் பிடித்தான். "இவங்க கிட்டாரை செட் பண்ணது நான்தாங்க!"

அனுபமா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "ஆமாங்க. அதான் ஒரு கம்பி அவரு பாக்கெட்டுல இருக்கு."

தோட்டமே சிரித்தது. எதற்கு என்று புரியாமல் அவனும் கொஞ்சம் சிரித்தான். அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் வந்து நின்றான். "அசிங்கப்படுத்திட்ட. மன்னிப்புக் கேளு. நான் இல்லாம உனக்கு யாரு இடம் குடுப்பாங்க?"

கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கோபப்படுவதற்கும் தகுந்த ஆள் தேவை.

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடும்மா. விமலையும் கூட்டிட்டு வா."

"நான்?" என்றான் பிரசாத்.

"நீங்க வீடியோ பாருங்க," என்றார் கஸ்தூரி.