கந்தசட்டி மாதிரி ஒரு மயக்கம்

1.
ஒரு கதலிப்பழத்தால் பல்லுப் பிடுங்குவது தள்ளிப்போன சங்கதியை, மயிலிட்டி பஸ்ஸில் இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். கதைக்கு மூலம் அவ்வளவுதான். மிச்சத்தை இலக்கமிட்டு நானே எழுதுகிறேன். எழுபத்துநான்காம் ஆண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை கடல் கொந்தளித்து… (வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை.)

2.
பத்மாசினிக்குப் பத்தொன்பது வயது. தாய் தகப்பன் சொந்த மச்சாள் மச்சான். இருவரிலும் மறைந்திருந்த ஓர் அரிய வியாதி மகளில் வெளிவந்துவிட்டது. அழுத்தித் தொட்ட இடமெல்லாம் தோல் கொப்புளித்து உரியும். வாய்க்குள்ளும் அப்படித்தான். கடைவாய்ப் பற்கள் சூத்தையாகி, கஞ்சியும் இறங்கவில்லை. விழித்திருக்கப் பிடுங்கினால் துடிப்பாள், உதடு கிழியும். மயக்கலாம் என்றால், மருந்து கொடுக்கும் முகமூடி அழுத்தி முகம் உரியும். மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர் கிறிஸ்துநாயகம் மட்டும் "செய்து பாப்பம்" என்றார். தாய் நாகேஸ்வரியிடம், "விடிய ஒண்டும் குடுக்காதேங்கோ. விரதமெண்டு நினையுங்கோ" என்றார்.

நாகேஸ்வரி விரதமென்றே நினைத்து, பாலும் ஒரு கதலிப்பழமும் கொடுத்துக் கூட்டிவந்தாள்.

(டொக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்; விரதத்தில் பால்பழம் உண்டென்று அவருக்கு யார் சொன்னது?)

3.
"வயித்திலை பாலும் பழமும் கிடக்க மயக்கினால், சத்தியெடுத்து மூச்சுக்குள்ளை போயிடும் அம்மா."

"கந்தசட்டியெண்டு சொல்லியிருந்தால் நான் பச்சைத்தண்ணியும் காட்டியிருக்கமாட்டன், டொக்டர்!"

பத்மாசினி கை படாமல் கன்னத்தைப் பொத்தினாள். "சிரிக்க வைக்காதேங்கோ அம்மா, நோகுது."

[இங்கே டொக்டர் மறுத்துவிடுவதாக ஒரு பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். பிள்ளை பட்டது போதும்.]

4.
அடுத்த கிழமை. மகளோடு தாயும் கந்தசட்டி. முகமூடியின் விளிம்பெல்லாம் வசிலின் பூசிய துணி. டொக்டர் அதை முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"தாங்கோ டொக்டர், நானே பிடிக்கிறன். எவ்வளவு மெதுவாயெண்டு எனக்குத்தானே தெரியும்."

பத்மாசினி தானே பிடித்தாள். அவள் பிடிக்கும் விதத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண் சொருகியது. அவள் விரல்கள் இளக இளக, அவருடைய விரல்கள் அதே இடத்தில், அதே மெதுவாய்…

5.
எழுதிய ஒரு முடிவில் அவள் விழிக்கவில்லை. அது அடுப்புக்குள் போயிற்று. இன்னொன்றில் ஒரு கொப்புளமும் இல்லை, அது பொய். ஆகவே நான் கதவுக்கு வெளியே, நாகேஸ்வரியோடு நிற்கிறேன். அவள் கையில் ஒரு கதலிப்பழம். உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு குரல். தாதியா, மகளா, எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்குமே. பழத்தை உரிக்கலாமா என்று அவள் உங்களைத்தான் பார்க்கிறாள், சொல்லுங்கள்.