செவலையின் அட்டையில் இரண்டு கட்டம்

மலையாள எல்லையோரத்து நல்லேப்பிள்ளியில் சினை ஊசிக்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்த முதல் ஆள் கமலாத்தாள்தான். அதுவும் எமர்ஜென்சியில், எதற்கெடுத்தாலும் டார்கெட் கேட்ட எழுபத்தாறாம் வருஷத்தில். ஆண்பிள்ளைகளே அதிகாரிகளைக் கண்டால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட காலம் அது.

செவலை விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. பருவத்துக்கு வந்திருந்தது. ஊசிக்காரர் சங்குண்ணி சைக்கிளில் பெட்டியோடு வந்து இறங்கினார். கமலாத்தாள் மாட்டுக் கட்டுத்தறியின் மூங்கில் படலைச் சாத்தி, அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"இந்தத் தடவை வேண்டாமுங்க."

செவலை பால் சங்கம் கொடுத்த கலப்பின மாடு. கூடவே ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். பருவத்துக்கு ஒரு கட்டம்; ஒன்றையும் காலியாக விடக்கூடாது. மூன்று ஊசி போட்டும் சினை நிற்காமல் தவறினால் மலடு என்று எழுதி, மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப் போன மாடு எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். செவலைக்கு இரண்டு தவறியாகிவிட்டது.

தவறாமல் என்ன செய்யும்? கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழவில்லை, கைவிட்டுத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் வாலைக் கழுவிவிட்ட கமலாத்தாள் ஒன்றைக் கவனித்திருந்தாள். பருவத்தன்று அத்தனை அழுக்கும் வெளியே வந்து கோழை தெளிகிறது. எட்டுப் பத்து நாளில் மறுபடி கஞ்சித்தண்ணி போல ஒழுகுகிறது. ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் கொஞ்சம் குறைகிறது.

"பருவம் வந்தா அது தன்னைத்தானே கழுவிக்குதுங்க. கழுவி முடியறதுக்குள்ள நீங்க ஊசியோட வந்தர்றீங்க."

சங்குண்ணி கெட்டவர் இல்லை. மாதக் கணக்குக்குப் பயந்தவர், அவ்வளவுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஞான் ஒண்ணு சொல்லட்டே? ஊசி போட்டதா எழுதிக்கறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

"அப்படி எழுதினா மூணாவதும் தவறிப்போச்சுன்னு ஆகுமுங்க. பழி மாட்டு மேல உழுகும். வேண்டாம்னு சொன்னது நானு. அதையே எழுதுங்க."

அவர் மலையாளத்தில் எழுதினார்.

"படிங்க."

"உடமஸ்த சம்மதிச்சில்ல." மாட்டுக்காரி சம்மதிக்கவில்லை.

"ஆமாங்க. அதுதான் நெசம்."

பத்தாம் நாள் சங்கத்துச் செயலாளர், மறுத்ததையும் மூன்றாவது தவறலாகவே எண்ணி, மலட்டுச் சான்று வாங்க மாட்டு டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாட்டைப் பிடிக்கக் கயிறோடு ஓர் ஆள். கமலாத்தாள் கயிற்றுக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்றாள். ஆனாலும் டாக்டரிடம் நிதானமாகத்தான் பேசினாள்.

"இன்னைக்கு எடுத்துப் பாருங்க. அடுத்த பருவத்தன்னைக்கும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நானே ஓட்டியாந்து கட்டறனுங்க."

டாக்டர் இளவயசுக்காரர், பெரிதாகப் பேசுகிறவரில்லை. கண்ணாடிச் சில்லில் கோழையைத் தடவிக்கொண்டு போனார். கயிற்றுக்காரன் வெறுங்கையோடு திரும்பினான்.

பதினோரு நாள் கழித்துச் செவலை கத்தியது. அன்றும் எடுத்துப் போய், இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலமே சங்குண்ணியோடு வந்து நின்றார் டாக்டர்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. கிருமியைத் தின்கிற வெள்ளணுன்னு ரத்தத்துல உண்டு. பருவத்தப்போ சுரக்கிற ஹார்மோன் அதைக் கருப்பைக்குக் கூப்பிட்டு வேலை வாங்குது. இன்னைக்கு எடுத்ததுல ஒவ்வொரு அணுவும் வயிறு முட்டக் கிருமியைத் தின்னிருக்கு. பத்து நாள் போனா வேற ஹார்மோன் கை ஓங்கும். கரு தங்கணும்னா உள்ளே சண்டை கூடாது, அதனால அது காவலைத் தணிச்சுடும். அன்னைக்கு எடுத்ததுல வெள்ளணு சும்மா நிக்குது, கிருமி பெருகிக் கிடக்கு."

"அட, என்ற மாடே," என்றாள் கமலாத்தாள். கண் கலங்கிவிட்டது.

"செயலாளர் கிட்டப் பேசிட்டேன். இன்னும் ஒரே ஊசிக்குத்தான் சம்மதிச்சார். இன்னைக்கே போட்டுடலாம்."

அவள் குனிந்து வாலடியில் பார்த்தாள். தெளிந்த கோழைக்குள் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளை இருந்தது.

"வேண்டாமுங்க. இன்னொரு பருவம் போகட்டும்."

"நானே சொல்றேனம்மா."

"நீங்க சொன்னதாலதானுங்க வேண்டாங்கறேன். காவல் இன்னும் வேலை பார்த்துட்டிருக்குது. இருக்கறது ஒரே ஊசி."

டாக்டர் குனிந்து அந்த நூலைப் பார்த்தார். ஊசிப் பெட்டியை மூடச் சொல்லிக் கை காட்டினார். சங்குண்ணி யாரும் கேட்காமலே அட்டையை வாங்கி, அடுத்த கட்டத்திலும் அதையே எழுதினார்.

அடுத்த இருபத்தொரு நாளும் செவலையின் வால் சுத்தமாகவே இருந்தது. பருவத்தன்று கோழை கண்ணாடியாக விழுந்தது. கமலாத்தாள் தானே படலைத் திறந்துவிட்டு, "வாங்க, இப்பப் போடுங்க," என்றாள். மூன்றாம் மாதம் டாக்டர் கைவிட்டுப் பார்த்துச் சிரித்தார். சினை நின்றிருந்தது.

செயலாளர் மறுநாளே வந்துவிட்டார், இந்தத் தடவை கயிறு இல்லாமல். கையில் புது அட்டை இருந்தது. சங்கத்துச் சுவரில் செவலையின் அட்டையை மாட்டப் போகிறார்களாம்.

"இதுல நீ வேண்டாம்னு எழுத வெச்ச அந்த ரெண்டு கட்டம் மட்டும் இல்லை. பெரிய ஆபீசருங்க பார்க்கறது, எதுக்கு வீணா? பழையதைக் கொடுத்துடு."

கமலாத்தாள் பழைய அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மாட்டறதுன்னா இதையே மாட்டுங்க. அந்த ரெண்டு கட்டத்துலதானுங்க இந்தச் சினை நின்னுது."