கேட்டால்தான் தண்ணீர்

பரந்தன் சந்தியில் நான் நடத்தும் டிஸ்பென்சரியில் ஊசிக்கு அழாத ஒரே பிள்ளை தேனுகா. காத்திருப்பவர்கள் உட்காரும் நீண்ட வாங்கின் கீழே உட்கார்ந்து, நோயாளருக்குக் கொடுக்கும் இலக்க அட்டைகளை ஒன்றிலிருந்து நாற்பது வரை வரிசையாக அடுக்குவாள். கத்துகிற பிள்ளைகளின் தாய்மாருக்கு அவளைக் காட்டி, பிள்ளையென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நானே பெருமை பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு இரண்டரை வயதில் தாய் ராஜினி முதன்முதலாக வந்தாள். வயலில் கூலி வேலை செய்பவள். பிள்ளை இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை என்றாள். பெயர் சொன்னால் திரும்புவாளா என்று தலை நிமிராமல் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே ஆமாங்க என்றாள். டொக்டர் கேட்டால் இங்குள்ள தாய்மார் சோதனையில் பாஸாக வேண்டியவர்கள் மாதிரித்தான் பதில் சொல்வார்கள். இது எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். தெரிந்தும், நானே ஒருதரம் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

மூன்றரை வயதில் மறுபடி வந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளை வாய் திறப்பதில்லை, தாயின் கையைப் பிடித்து இழுத்துக் குடத்தின்மேல் வைக்கிறாள் என்றாள். படிக்கிற காலத்தில் அந்த அறிகுறியின் கீழே நான் கோடு போட்டு வைத்திருந்தேன். ஆனால் ஓட்டிசம் என்றால் ஓடித்திரியும் ஆண்பிள்ளைகளிடம் தேடித்தான் எனக்குப் பழக்கம். இவள் அட்டை அடுக்கும் நல்ல பிள்ளை அல்லவா.

"உது பிடிவாதம். வாய் திறந்து கேக்கும்வரைக்கும் ஒண்டும் குடுக்காதேங்கோ" என்றேன்.

போன மாதம் முன்பள்ளி ஆசிரியை சிவதர்சினி சந்தேகப்பட்டு, அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். ஓட்டிசம் என்று உறுதியாகிவிட்டது. பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் யோகநாதன் அண்ணை, யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார். சறுக்கிய யானை விழுந்தது ஒரு பிள்ளையின் மேல். அதை யாரிடம் சொல்ல.

இன்று ராஜினி ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தாள். தேனுகா நேரே வாங்கின் கீழே போய் அட்டைகளை எடுத்தாள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் களை பிடுங்கியதால்தான் இப்படி ஆனதா என்று கேட்டுத் தாய் அழுதாள். நான் பேசாமல் இருந்தாலே போதும், பழி அவள் தலையிலேயே தங்கிவிடும். அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

"உங்களில ஒரு பிழையும் இல்லை, ராஜினி. நீங்கள் ரெண்டு தரம் வந்து சொன்னீங்கள். நான்தான் பிள்ளையைப் பாக்கேல்லை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க சொன்னப்புறம், கேட்டாத்தான் தண்ணின்னு இருந்தேங்க" என்றாள். "ஒருநாள் பொழுதுசாயிற வரைக்கும் கொடத்துக்கிட்டயே நின்னுச்சு. அழவேயில்ல."

வாங்கின் கீழிருந்து தேனுகா எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின்மேல் என் கையை வைத்தாள்.