தண்ணீர் கலந்த கேன்

பொம்மசந்திராவில் அந்தக் கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு கேனையும் முதலில் திறப்பவள் லவினாதான். சுற்றியுள்ள கம்பெனிகளின் கழிப்பறைகளிலிருந்து தண்ணீர் படாமல் பிடித்த சிறுநீர் அங்கே உரமாகிறது. தண்ணீர் கலந்துவிட்டால் சத்து சரியாகப் பிரிந்து வராது. ஆனால் கழிப்பறை கழுவும் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பழக்கதோஷத்தில் ஒரு பக்கெட் ஊற்றிவிடுவார்கள். அதனால் பேனா போன்ற ஒரு மீட்டரை அவள் கேனுக்குள் முக்குவாள். எண் இறங்கினால் கேன் திரும்பிப் போகும்.

"மோந்து பாத்தே சொல்லிடலாமே அக்கா," என்பான் வேன் ஓட்டும் ராம்கி.

"மூக்கு செத்து ரொம்ப நாளாச்சுடா. பஸ்ல பக்கத்து சீட்டு காலியாவே வருதே, அத வச்சுதான் நாத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியுது."

நீலசந்திராவில் அவள் வீட்டிலும் ஒரு கேன் இருந்தது. மழைக்காலத்துக்கு முன்பு தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவன் ஓஸ்வால்டுக்குக் கொடுத்திருந்தாள். அவனுக்குத் தினமும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளக்க வேண்டும், குறைந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து சாப்பிடுகிறவரின் சிறுநீர் உரத்துக்கு ஆகாது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் அளவைப் பார்த்துவிட்டு அவளே கொட்டிவிடுவாள். அவளுடைய நாளில் மனசு நிறைகிற நேரம் அதுதான்.

"பாத்தியா லவி, கழுத்து வரைக்கும் நிக்குது. உன் கிட்னி ஓவர்டைம் பாக்குதுடீ."

"எங்க வீட்டுது உழைக்கிற ஜாதிங்க. உங்க வீட்டு கிட்னிங்க மாதிரி தூங்குமூஞ்சி இல்ல."

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் வாரம் வந்தது. ஓஸ்வால்ட் இந்த முறை ஸ்டூலில் ஏறவில்லை. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டால் குளிர் என்றான். அவளே நட்சத்திரத்தைக் கட்டிவிட்டுக் கேனைக் கொட்டப் போனாள்.

கொட்டியது நுரைக்கவில்லை.

கொட்டகையில் திருப்பி அனுப்பும் கேன்கள்தான் இப்படி நுரைக்காமல் ஓடும். புருஷனைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இருந்தாலும் பையிலிருந்து மீட்டரை எடுத்து, கேனின் அடியில் மிஞ்சியதில் முக்கினாள். குழாய்த் தண்ணீர் காட்டும் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

வந்து அவன் காலடியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாள். வீங்கிய பாதத்தில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது. இப்ப சுத்தமா வர்ல." அவன் தலை நிமிரவில்லை. "டெய்லி கேனைப் பாத்துட்டு நீ சிரிப்பியே லவி. கிறிஸ்துமஸ் வரைக்குமாவது சிரிக்கட்டும்னு தண்ணில கொஞ்சம் டீ டிகாஷன் விட்டேன்."

"என்கிட்டயே தண்ணி கலந்த கேனாங்க?"

"மாட்டிக்குவேன்னு தெரியும். டெய்லி நீ உள்ள வர்றப்பல்லாம் பயந்துட்டேதான் இருந்தேன்."

அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் மாலை டாக்டர் லவினாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்கவில்லை, இனி பழையபடி டயாலிசிஸ்தான் என்றார். குறைய ஆரம்பித்தபோதே வந்திருந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அவள் கை தானாக விலாவில் இருந்த தழும்புக்குப் போனது.

கட்டிலில் கிடந்த ஓஸ்வால்ட் அவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொன்னார்? நான் முன்னாடியே சொல்லியிருந்தா..."

"எப்ப வந்திருந்தாலும் இதேதானாம்," என்றாள் லவினா. "உங்க மேல ஒரு தப்பும் இல்லியாம்."

அவன் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரி லவி," என்றான்.

அவள் போர்வையை இழுத்து அவன் பாதங்களை மூடினாள்.